சைரன் ஊதியது... கூலியாட்கள் எங்கே போனார்கள்? ரங்கூன், கல்கத்தா துறைமுகங்களில் அன்று நடந்தது என்ன?

1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை. ரங்கூன் நகரத்தில் சைரன் ஒலித்தது. பதுங்குகுழிகள் வெட்டி வைத்திருந்தார்கள். வார்டன்கள் இருந்தார்கள். ஆனாலும் ஏராளமான மக்கள் குழிக்குள் இறங்கவில்லை. வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். வானத்தில் ஜப்பானிய விமானங்களும் அவற்றை மறித்த விமானங்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அதுவரை ரங்கூன் பார்த்திராத காட்சி அது.

அடுத்த சில நிமிடங்களில் அந்தத் தெருக்களிலேயே குண்டுகள் விழுந்தன. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் விழுந்தன. இறந்தவர்கள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

ஆனால் ரங்கூன் துறைமுகத்தை முடக்கிப் போட்டது குண்டு மட்டும் இல்லை. ஜெட்டிகள் பெரும்பாலும் நின்றன, கிரேன்களும் நின்றன. கப்பலில் இருந்து மூட்டையை இறக்க ஆள்தான் இல்லை. துறைமுகத்தின் சுமைதூக்கும் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் ஊரை விட்டே கிளம்பிவிட்டார்கள்.

போர்க்காலத்தில் ஓர் ஆற்றுத் துறைமுகத்தைக் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது? ஜெட்டியையா, கப்பலையா, மூட்டை தூக்குபவரையா? இந்தக் கேள்விக்கு ரங்கூன் ஒரு பதில் சொன்னது. அதைப் பார்த்துவிட்டுக் கல்கத்தா வேறொரு பதிலைத் தேடியது. அந்தப் பதிலுக்கான விலையைக் கொடுத்தது வேறு யாரோ.

ஆற்றுத் துறைமுகம் ஏன் தனி ரகம்?

முதல் சிக்கல், ஆற்றை மறைக்க முடியாது. இருட்டடிப்பு செய்யலாம், தெருவிளக்கை அணைக்கலாம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடலாம். நிலா வெளிச்சத்தில் பளபளக்கும் ஆற்றுக்கு எந்தத் துணியைப் போடுவது? விமானி ஆற்றின் வளைவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும், துறைமுகம் தானாக வந்துவிடும். லண்டனுக்குத் தேம்ஸ் நதி இப்படித்தான் எதிரிக்கு வழிகாட்டியது. கல்கத்தாவில் 1942 டிசம்பர் 20ஆம் தேதி இரவு முதல் குண்டு விழுந்தபோது, பௌர்ணமிக்கு இரண்டே நாள்தான் பாக்கி. தற்செயல் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, மண். ஆற்றங்கரையும் கழிமுகமும் வண்டல் நிலம். கொஞ்சம் ஆழமாகத் தோண்டினாலே தண்ணீர் ஊறும். மழைக்காலத்தில் பதுங்குகுழி கொசுக்குளமாகிவிடும். பாதாள ரயில் நிலையங்களில் லண்டன் மக்கள் படுத்துத் தூங்கினார்களே, அந்த வசதி ரங்கூனுக்கும் கல்கத்தாவுக்கும் கிடையாது. ஆழமில்லாத குழி, தரைக்கு மேலே செங்கல், கான்கிரீட்டில் கட்டிய சிறிய அறை, கட்டட வாசலுக்கு முன்னால் எழுப்பிய தடுப்புச்சுவர் - அவ்வளவுதான்.

மூன்றாவது, வழி. கடல் துறைமுகம் என்றால் கப்பல் ஆபத்து வந்ததும் கடலுக்குள் போய்விடலாம். கல்கத்தாவோ கடலில் இருந்து ஹூக்ளி ஆற்றில் 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. மணல்திட்டுகள் நிறைந்த ஆறு. பைலட் இல்லாமல், தண்ணீர் ஏறும் நேரம் பார்க்காமல் பெரிய கப்பல் நகர முடியாது. கால்வாயின் நடுவில் ஒரு கப்பல் மூழ்கினால் மற்ற எல்லாக் கப்பல்களும் மாட்டிக்கொள்ளும்.

கிதர்பூர் டாக்கில் இன்னொரு பயம் உண்டு. 1892இல் திறக்கப்பட்ட அந்த டாக்கும், 1929இல் திறக்கப்பட்ட கிங் ஜார்ஜ் டாக்கும் ஆற்றோடு நேரடியாகச் சேர்ந்தவை இல்லை. ஆற்றில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே ஒரே மட்டமாக நிற்க, பெரிய மதகுக் கதவுகள் வைத்திருக்கிறார்கள். ஆறு இறங்கியிருக்கும் நேரத்தில் அந்தக் கதவு உடைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆற்றுக்கு ஓடிவிடும், கப்பல்கள் தரைதட்டும். மொத்தத் துறைமுகத்துக்கும் அந்தக் கதவுகள்தான் உயிர்நாடி.

தீயணைப்பிலும் இதே கதைதான். ஆற்றங்கரையில் இருக்கிறோம், தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றும். 1940 டிசம்பர் 29ஆம் தேதி இரவு லண்டன் நகரம் தீப்பிடித்து எரிந்தபோது தேம்ஸில் தண்ணீர் மிகவும் இறங்கியிருந்தது. தீயணைப்பு வீரர்கள் சேற்றைக் கடந்து குழாயை இழுக்க வேண்டியிருந்தது. கண் எதிரே ஆறு, கைக்கு எட்டவில்லை.

ரங்கூனில் மூட்டை தூக்கியவர்கள் யார்?

ரங்கூன் அன்று பர்மாவின் தலைநகரம். ஆனால் 1931 கணக்கெடுப்பின்படி நகரத்தின் சுமார் 4 லட்சம் மக்களில் பாதிக்கும் மேல், அதாவது 2 லட்சத்து 12 ஆயிரம் பேர் இந்தியர்கள். வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பார்கள். துறைமுகத்தில் உழைத்தவர்கள் வேறு ஆட்கள். ஆந்திரக் கடற்கரையில் இருந்து வந்த தெலுங்கர்கள்தான் அதிகம், கூடவே ஒடியா மக்கள், தமிழர்கள், சிட்டகாங் பக்கத்து முஸ்லிம்கள். மேஸ்திரி வழியாக வேலை, அன்றாடக் கூலி, நெரிசலான குடியிருப்பு.

இவர்களுக்கு ரங்கூனில் பாதுகாப்பு என்ற எண்ணமே கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. 1930 மே மாதம் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குப் பதிலாக பர்மியர்களை வேலைக்கு வைத்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களை அனுப்பிவிட்டார்கள். அதில் வெடித்த கலவரத்தில் ஏராளமான இந்தியர்கள் கொல்லப்பட்டார்கள். 11 வருஷம் முன்பு நடந்தது. யாரும் மறக்கவில்லை.

அப்படிப்பட்ட ஊரில்தான் டிசம்பர் 23 வந்தது. விழுந்த குண்டுகளில் ஆட்களைக் கொல்வதற்கென்றே செய்த, சிதறும் ரகக் குண்டுகளும் இருந்தன. இந்த ரகம் தரையைப் பிளக்காது. வெடித்ததும் இரும்புச் சில்லுகள் பக்கவாட்டில் பறக்கும். நின்றுகொண்டிருப்பவரை வெட்டிச் சாய்க்கும். ஓர் ஆள் ஆழத்துக்கு வெட்டிய சாதாரணக் குழியே போதும், சில்லு தலைக்கு மேலே போய்விடும். தெருவில் வேடிக்கை பார்த்தவர்கள் அவ்வளவு பேர் இறந்ததற்குக் காரணம் இதுதான்.

இங்கே வார்டன்களை மட்டும் குறை சொல்வது சரியாக இருக்காது. குழியைத் தோண்டுவது சுலபம். ஒருமுறைகூட குண்டைப் பார்த்திராத ஊரை, சைரன் கேட்டதும் குழிக்குள் இறங்க வைப்பதுதான் கஷ்டம்.

குண்டுக்குப் பிறகு என்னாச்சு?

தொழிலாளர்கள் கிளம்பினார்கள். மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு, குடும்பத்தோடு, வடக்கே புரோம் நகரை நோக்கி நடந்தார்கள். அங்கிருந்து மலையைத் தாண்டினால் அரக்கான் கடற்கரை, பிறகு இந்தியா. சந்தை மூடியது. கடை திறக்கவில்லை. நகரசபையின் துப்புரவுத் தொழிலாளர்களும் இந்தியர்கள்தான், அவர்களும் போய்விட்டதால் குப்பை குவிந்தது.

பிரிட்டிஷ் அரசுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதைப் புரிந்துகொள்ள, ரங்கூன் ஜெட்டிகளில் என்ன கிடந்தது என்று பார்க்க வேண்டும். சீனாவுக்கு அமெரிக்கா அனுப்பிய போர்த் தளவாடங்கள் அங்கேதான் இறங்கின. ரயிலில் லாஷியோ போய், அங்கிருந்து பர்மா ரோடு வழியாக குன்மிங் போக வேண்டும். பர்மாவைக் காக்க வந்த படைகளும் அதே ஜெட்டியில்தான் இறங்கியாக வேண்டும். இறக்க ஆள் இல்லை.

அதனால் நிர்வாகம் செய்தது என்ன? நடந்து போனவர்களில் பலரை வழியில் மறித்துத் திருப்பி அனுப்பியது. நகருக்கு வெளியே முகாம், அரிசி, கூலி என்று ஏற்பாடு செய்து வேலைக்கு அழைத்தது. ஜனவரியில் ஓரளவு ஆட்கள் திரும்பினார்கள், கப்பல்கள் மறுபடி இறங்கின. ஆக, பாதுகாப்பும் சோறும் கிடைத்தால் தொழிலாளி திரும்பி வருவார் என்பது தெரிந்தது. ஆனால் அதைச் செய்தது குண்டு விழுந்த பிறகு. 

அவர்களைத் திரும்பக் கூப்பிட்டவர்களால் கடைசிவரை காப்பாற்ற முடிந்ததா என்றால், இல்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அதே மாதம் 20ஆம் தேதி ரங்கூனைக் காலி செய்யும் உத்தரவு வந்தது. துறைமுகத்தில் கிடந்த 900க்கும் மேற்பட்ட லாரிகள், 5,000 டயர்கள் எதிரி கையில் சிக்காமல் இருக்க அழிக்கப்பட்டன. மார்ச் 7ஆம் தேதி ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சிரியம் எண்ணெய் ஆலைகளைக் கொளுத்திவிட்டு பிரிட்டிஷார் வெளியேறினார்கள். மறுநாள் ஜப்பானியர்கள் உள்ளே வந்தார்கள்.

பர்மாவில் இருந்து இந்தியாவுக்கு 4 முதல் 5 லட்சம் பேர் தப்பி வந்ததாகக் கணக்கு. பெரும்பாலானவர்கள் நடந்தே வந்தார்கள். காலரா, மலேரியா, பசி - வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம். கப்பலில் இடம் கிடைத்த கொஞ்சம் பேர் மெட்ராஸ், விசாகப்பட்டினம், கல்கத்தா வந்து இறங்கினார்கள். (சென்னை பர்மா பஜார் என்றதும் நினைவுக்கு வருபவர்கள் 1960களில் திரும்பியவர்கள். இது அதற்கு 20 வருஷம் முந்தைய கதை.)

கல்கத்தா என்ன செய்தது?

ரங்கூனில் இருந்து வந்தவர்களோடு ரங்கூனின் கதையும் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. கிழக்கே இனி பெரிய துறைமுகம் அதுதான். பர்மாவை மீட்கும் போருக்குப் பெருமளவு சரக்கு ஹூக்ளி வழியாகத்தான் வரவேண்டும். 1942 ஏப்ரலில் கொழும்பும், விசாகப்பட்டினமும், காக்கிநாடாவும் குண்டு வாங்கின. மெட்ராஸே பாதி காலியானது.

கல்கத்தா மைதானத்திலும் பூங்காக்களிலும் குழிகள் வெட்டினார்கள். நேர்க்கோடாக இல்லாமல் வளைத்து வளைத்து வெட்டினார்கள். ஒரு மூலையில் குண்டு விழுந்தால் அதன் அதிர்வும் சில்லும் அடுத்த வளைவோடு நின்றுவிடும் என்பது கணக்கு. கட்டட வாசல்களில் தடுப்புச்சுவர் எழும்பியது. வெள்ளைப் பளிங்கு விக்டோரியா மெமோரியல் மேலிருந்து தெரியாதபடி கறுப்பானது. ரெட் ரோடு சண்டை விமானங்களுக்கு ஓடுதளம் ஆனது.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத ஏற்பாடு இன்னொன்று உண்டு. அது அரிசி.

துறைமுகம், ரயில்வே, ஆலைகள் ஆகியவற்றின் தொழிலாளர்களை "அத்தியாவசியத் தொழிலாளர்கள்" என்று பிரித்தார்கள். அவர்களுக்கு முதலாளிகளே கடை வைத்து மலிவு விலையில் தானியம் கொடுக்கும் திட்டம் 1942இலேயே தொடங்கியது. வங்காள வர்த்தகச் சபை இதில் முன்னின்றது. வயிறு நிறைந்தால் ஓட மாட்டான் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. துறைமுகத்தின் கோணத்தில் மட்டும் பார்த்தால், பதுங்குகுழியைவிட இது புத்திசாலித்தனமான பாதுகாப்பு ஏற்பாடு.

1942 டிசம்பர் 20 முதல் அந்த மாத இறுதிவரை பல இரவுகள் குண்டு விழுந்தது. வந்தவை சில விமானங்கள்தான், ரங்கூனோடு ஒப்பிட்டால் உயிரிழப்பும் மிகக் குறைவு. ஆனாலும் லட்சக்கணக்கில் மக்கள் ஹவுரா, சியால்தா ரயில் நிலையங்களை நோக்கி ஓடினார்கள். தானியக் கடைகள் மூடப்பட்டன. டிசம்பர் 27ஆம் தேதி அரசு கல்கத்தா மொத்த வியாபாரிகளின் அரிசிக் கையிருப்பைக் கையகப்படுத்தியது. நகரத்துக்குச் சோறு போட வேண்டும், அதிலும் முதலில் தொழிலாளர்களுக்கு.

1943 ஜனவரி 15ஆம் தேதி இரவு, ராடார் பொருத்திய பியூஃபைட்டர் விமானம் ஒன்று ஒரே சுற்றில் 3 ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களைச் சுட்டு வீழ்த்தியது. இரவுத் தாக்குதல் கிட்டத்தட்ட அத்தோடு அடங்கியது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். துறைமுகம் நிற்கவில்லை.

அந்த அரிசி யாருடையது?

கதையின் கசப்பான பகுதி இதுதான். ஜப்பானியர் கழிமுகம் வழியாகப் படகுகளில் ஏறி வந்துவிடுவார்கள் என்ற பயத்தில், 1942இலேயே தென் வங்காளத்தில் 10 பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை அகற்ற உத்தரவு போட்டிருந்தார்கள். பதிவான சுமார் 66,500 படகுகளில் அந்த ஆண்டு இறுதிக்குள் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. படகுதான் அங்கே வண்டி. மீனவருக்கும், நெல் கொண்டுபோகும் விவசாயிக்கும், சந்தைக்குப் போகும் வியாபாரிக்கும் வேறு வழி கிடையாது. கடலோரப் பகுதிகளில் உபரி நெல்லையும் அரசு வாங்கி அப்புறப்படுத்தியது. அக்டோபரில் மேதினிபூரில் புயல் அடித்தது. பர்மா அரிசி வருவது ஏற்கெனவே நின்றுவிட்டது.

இத்தனைக்கும் நடுவில், நகரத்துத் தொழிலாளர்களுக்காக அரிசி கல்கத்தாவை நோக்கி இழுக்கப்பட்டது. கிராமத்தில் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 1943 வங்காளப் பஞ்சத்துக்கு இது ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. விலைவாசி, பதுக்கல், லண்டன் அரசின் அலட்சியம் என்று பட்டியல் நீளம். ஆனால் துறைமுகத்தைக் காப்பாற்றப் போட்ட திட்டமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இறந்தவர்கள் எண்ணிக்கை அரசு விசாரணைக் குழுவின் கணக்குப்படி சுமார் 15 லட்சம், பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் சொல்வது 30 லட்சம் வரை.

அந்த ஆண்டு இரண்டாம் பாதியில், கிராமத்தில் இருந்து கஞ்சி கேட்டு வந்தவர்கள் கல்கத்தா நடைபாதைகளில் செத்து விழுந்தார்கள். பதுங்குகுழியும் தடுப்புச்சுவரும் அப்படியே இருந்தன. இந்தச் சாவுக்கு எந்தச் சைரனும் ஊதவில்லை.

1943 டிசம்பர் 5: பகலில் வந்த தாக்குதல்

ஞாயிற்றுக்கிழமை. ஜனவரிக்குப் பிறகு கல்கத்தா பெரிதாகத் தாக்கப்படவில்லை. புதிதாக வந்த ஸ்பிட்ஃபயர் விமானங்களைக் கிழக்கே போர்முனைப் பக்கம் அனுப்பிவிட்டிருந்தார்கள். நகரத்தில் இருந்தவை பழைய ஹரிகேன்கள்.

ஜப்பானியத் தரைப்படையின் விமானங்களும் கடற்படையின் விமானங்களும் அலை அலையாக வந்து, பட்டப்பகலில் கிதர்பூர் டாக்கில் குண்டு போட்டன. இம்முறை குறி நேராகத் துறைமுகம்தான். கப்பல்கள், சரக்குப் படகுகள், கிடங்குகள், அவற்றை ஒட்டிய தொழிலாளர் குடிசைகள் எல்லாம் அடிபட்டன. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் துறைமுகத் தொழிலாளர்கள். பிழைத்தவர்களில் பலர் அன்றே ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். மலிவு அரிசி அவர்களைப் பிடித்து வைக்கவில்லை.

இதில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டியது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களில் பெரும்பகுதி துறைமுகத்தின் நேரடி ஊழியர்கள் இல்லை. சர்தார் அழைத்து வரும் தினக்கூலிகள். இன்று வந்தவர் நாளை வரமாட்டார். அப்படி இருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் டாக்குக்குள் எத்தனை பேர், யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல ஒரு முழுப் பட்டியல் இருக்காது. எத்தனை பேருக்குப் பதுங்கிடம் வேண்டும் என்பதைக்கூடத் தோராயமாகத்தான் போட முடியும். போரில் காயப்பட்ட தொழிலாளருக்கு இழப்பீட்டுக் காப்பீடு தரும் சட்டம் 1943இலேயே வந்துவிட்டது. ஆனால் பேரே பதிவாகாத ஆளுக்கு அதனால் என்ன பயன்?

துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து வேலையை முறைப்படுத்தும் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு, 1948இல்தான் வந்தது.

சைரன் ஊதினால் வேலையை நிறுத்தலாமா?

இது எல்லாத் துறைமுகங்களிலும் ஓடிய தகராறு. சைரன் ஊதும்போதெல்லாம் குழிக்குள் போனால், எதிரி குண்டே போட வேண்டாம், ஒரு விமானத்தைச் சும்மா பறக்கவிட்டாலே கப்பல் வேலை நின்றுவிடும். போகாவிட்டால் ஒருநாள் உயிர் போகும்.

பிரிட்டனில் 1940இல் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். கூரை மேல் ஓர் ஆள் கண்காணிப்பார். சைரன் ஊதினாலும் கீழே வேலை நடக்கும். விமானம் இந்தப் பக்கம்தான் வருகிறது என்று அவர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஓட வேண்டும். உற்பத்தி காப்பாற்றப்பட்டது. தொழிலாளியின் உயிர் கூரை மேல் நிற்பவரின் கண்ணிலும், பதுங்கிடத்துக்கு உள்ள தூரத்திலும் தொங்கியது. கப்பலின் அடித்தளத்தில் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்பவர் ஏணியில் ஏறி, பலகையைக் கடந்து, ஜெட்டியைத் தாண்டிப் போக எத்தனை நிமிடம் ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் இந்த நடுவழியின் ஓட்டை தெரியும்.

இப்போது எங்கே?

இந்தியாவில் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. 2025 மே 7ஆம் தேதி நாடு முழுக்க நடந்த போர்க்கால ஒத்திகையில் தமிழ்நாட்டில் தேர்வான இடங்கள் கல்பாக்கமும் சென்னைத் துறைமுகமும்.

ஆற்றுத் துறைமுகம் என்று எடுத்துக்கொண்டால், இன்று அந்தப் பழைய சிக்கல்களோடு வாழ்வது டான்யூப் ஆற்றங்கரை. 2023 ஜூலை 17ஆம் தேதி கருங்கடல் தானிய ஒப்பந்தத்தில் இருந்து ரஷ்யா விலகியது. உக்ரைன் தன் தானியத்தை டான்யூப் துறைமுகங்கள் வழியாக அதிகமாக அனுப்பத் தொடங்கியது. ஒரு வாரத்தில் ரேனி துறைமுகம் மீது டிரோன் தாக்குதல். ஆகஸ்ட் 2ஆம் தேதி இஸ்மாயில் துறைமுகத்தில் தானியக் கிடங்குகள் அடிபட்டன.

இஸ்மாயிலுக்கு நேர் எதிரே, ஆற்றைத் தாண்டி சில நூறு மீட்டரில் ருமேனியாவின் பிளௌரு கிராமம் இருக்கிறது. போரில் இல்லாத நாடு, நேட்டோ உறுப்பு நாடு. டிரோன் சிதறல்கள் அந்தப் பக்கமும் விழுந்ததால், 2023 செப்டம்பரில் ருமேனிய ராணுவம் அந்தச் சின்னக் கிராமத்தில் கான்கிரீட் பதுங்கிடம் அமைத்தது. தோண்டவில்லை, தரைக்கு மேலேயேதான் வைத்தார்கள். டிரோன் வரும் இரவுகளில் அந்தப் பகுதி மக்களின் மொபைலில் எச்சரிக்கைச் செய்தி அலறுகிறது.